பன்றியின் சிறுநீரகமும் மரபணுப் பாதுகாப்பும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மரபணு திருத்தப்பட்ட பன்றிகளின் சிறுநீரகங்கள் அமெரிக்காவில் நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டு வருவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே கவலையைத்தான் பேசுகின்றன. ஒரு விலங்கின் மரபணுக்களில் இத்தனை இடங்களில் கைவைத்துவிட்டு, அதன் உறுப்பை மனித உடலுக்குள் வைத்தால் பின்விளைவு எதுவும் வராதா என்பதே அந்தக் கவலை. நியாயமான கேள்விதான். ஆகவே இந்த முறை எல்லாப் பக்கங்களையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் கணவர் டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறார். பன்றியின் சிறுநீரகம் பொருத்தினால் அதன் மரபணு அவருடைய உடம்பில் கலந்துவிடுமா? நாளைக்கு எங்கள் பேரப்பிள்ளைகள் வரை அது போகும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். உண்மையா, ஐயா? (ஒரு வாசகி, கரூர்)

கலக்காது, அம்மா. மனிதரின் சிறுநீரகத்தைப் பொருத்தினாலும் சரி, பன்றியின் சிறுநீரகத்தைப் பொருத்தினாலும் சரி, அந்த உறுப்பின் டி.என்.ஏ. அந்த உறுப்பின் உயிரணுக்களுக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் கணவரின் கல்லீரலோ, எலும்பு மஜ்ஜையோ, விந்தணுவோ தன்னுடைய மரபணுத் தொகுப்பை மாற்றிக்கொள்வதில்லை. பிள்ளைகளுக்குப் போவதற்கு வழி இல்லை.

ஆனால் உறுப்பிலிருந்து சில உயிரணுக்கள் கழன்று இரத்தத்தில் சுற்றுவது உண்டு. இதை 1999இல் வெளியான ஓர் ஆய்வு நேரடியாகப் பரிசோதித்தது. வெவ்வேறு சிகிச்சைகளுக்காகப் பன்றியின் உயிருள்ள திசுக்களோடு தொடர்புக்கு உள்ளான 160 நோயாளிகளின் இரத்தத்தை அந்த ஆய்வினர் சோதித்தார்கள். பன்றியின் மண்ணீரல் வழியாகத் தங்கள் இரத்தம் செலுத்தப்பட்டவர்களில் 23 பேரிடம், சிலருக்குப் பல ஆண்டுகள் கழிந்த பிறகும், பன்றி உயிரணுக்களின் தடயம் இருந்தது. அப்படி இருந்தும், அவர்களில் ஒருவருக்குக்கூடப் பன்றியின் வைரஸ் தொற்றியதற்கான சான்று கிடைக்கவில்லை. ஆறுதல் தரும் முடிவுதான். ஆனாலும் அந்தத் தொடர்பு பெரும்பாலும் குறுகிய காலத்துக்கானது என்பதை மறந்துவிடக் கூடாது. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளை நாள்தோறும் உட்கொண்டபடி ஒரு முழுச் சிறுநீரகத்தைப் பல ஆண்டுகள் உடலில் சுமப்பதற்கு அதை அப்படியே ஈடாகக் கொள்ள முடியாது.

நான் இங்கே வைரஸைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. பன்றியின் மரபணுப் பொருள் மனித டி.என்.ஏ.வுக்குள் நுழையக்கூடிய வழி என்று அறிவியலாளர்கள் கருத்தில் கொள்வது ஒன்றே ஒன்றைத்தான். அடுத்த கேள்வி அதைப் பற்றியது.

கேள்வி: நான் உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் மாணவன். பாஸ்டனில் பயன்படுத்திய பன்றியில் 69 திருத்தங்கள், அவற்றில் 59 வைரஸை முடக்குவதற்காக என்று படித்தேன். ஒரே உயிரணுவில் இத்தனை இடங்களில் டி.என்.ஏ.வை வெட்டுவது, அந்த வைரஸை விட்டுவைப்பதைவிட ஆபத்தானது இல்லையா? (ஒரு மாணவர், கோயம்புத்தூர்)

கூர்மையான கேள்வி. இந்தத் துறையில் இருப்பவர்களிடையே இன்னும் முடியாத விவாதமும் இதுதான்.

அந்த வைரஸின் சுருக்கப் பெயர் பெர்வ். இது பன்றிக்கு வெளியிலிருந்து தொற்றுவது இல்லை. பல தலைமுறைகளுக்கு முன்பே பன்றியின் குரோமோசோம்களுக்குள் புகுந்து, தாய் தந்தையரிடமிருந்து குட்டிகளுக்கு மரபுவழியாகவே வரும் ரெட்ரோவைரஸ் அது, அதாவது தான் தொற்றும் உயிரணுவின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே தன் மரபணுவைச் செருகிவிடும் வகை வைரஸ். எவ்வளவு சுத்தமான கொட்டகையில் வளர்த்தாலும் இதை விலக்க முடியாது. பன்றிச் சிறுநீரக உயிரணுக்களிலிருந்து வெளிப்படும் பெர்வ், ஆய்வகக் கிண்ணத்தில் மனித உயிரணுக்களைத் தொற்றுகிறது என்று 1997இல் லண்டனில் ராபின் வைஸ் குழுவினர் காட்டிய பிறகுதான், அதுவரை வேகமாக நகர்ந்துகொண்டிருந்த இந்தத் துறை தயங்கி நின்றது. பெர்வில் ஏ, பி, சி என மூன்று வகைகள் உள்ளன. ஏ, பி இரண்டும் மனித உயிரணுக்களைத் தொற்றக்கூடியவை. சி வகை தனியாக மனித உயிரணுவைத் தொற்றுவதில்லை, ஆனால் ஏ வகையோடு கலந்து உருவாகும் கலப்பினம் கூடுதல் வீரியத்தோடு தொற்றுகிறது.

ஹார்வர்டில் ஜார்ஜ் சர்ச் குழுவினர் 2015இல், ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் ஒரு வகைப் பன்றி உயிரணுக்களில் இருந்த 62 பெர்வ் பிரதிகளையும், டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் முறையில் முடக்கிக் காட்டினார்கள். 62 இடங்களுக்கு 62 தனித்தனிக் கருவிகள் தேவைப்படவில்லை. எல்லாப் பிரதிகளிலும் 'பால்' என்ற மரபணுவின் மையப்பகுதி ஏறத்தாழ ஒரே மாதிரி எழுதப்பட்டிருப்பதால், ஒரே சாவியால் எல்லாப் பூட்டுகளையும் திறக்க முடிவதுபோல, வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டும் இரண்டு வழிகாட்டி ஆர்.என்.ஏ.க்களே போதுமானவையாக இருந்தன. குறி தவறி வேறு இடத்தில் வெட்டும் அபாயம் வழிகாட்டிகளின் எண்ணிக்கையையும் அவற்றின் துல்லியத்தையும் பொறுத்தது. ஆகவே 59 என்ற எண்ணைக் கேட்டவுடன் 59 மடங்கு அபாயம் என்று நினைக்க வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் சந்தேகத்தில் பாதி சரி. பல இடங்களில் ஒரே நேரத்தில் டி.என்.ஏ. அறுபட்டால், உயிரணு அதை ஆபத்தாக உணர்ந்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. அல்லது, அறுந்த முனைகள் தவறான இடங்களில் ஒட்டிக்கொண்டு குரோமோசோமே உருமாறலாம். உயிருள்ள பன்றிகளை உருவாக்குவதற்காகச் செய்த அடுத்த ஆய்வில் (2017) இதே சிக்கல் எழுந்தது. திருத்தப்பட்ட உயிரணுக்கள் பெருக மறுத்தன. ஆய்வாளர்கள் பி53 என்ற புரதத்தைச் சிறிது நேரம் அடக்கிவைக்கும் மருந்தையும் ஒரு வளர்ச்சிக் காரணியையும் சேர்த்துக் கொடுத்துத்தான் அவற்றைத் தேற்றினார்கள். பி53 சாதாரணப் புரதம் இல்லை. சேதமடைந்த உயிரணு பெருகாமல் காவல் காப்பது அதுதான், பல புற்றுநோய்களில் பழுதாகியிருப்பதும் அதுதான். காவலைச் சிறிது நேரம் விலக்கினால், உள்ளே வரக்கூடாத ஒன்றும் சேர்ந்து வந்துவிடாதா என்று கேட்பது முற்றிலும் சரி.

இதற்கான பதிலை, குளோனிங் முறையே ஓரளவுக்குத் தருகிறது. திருத்தப்பட்ட ஆயிரக்கணக்கான உயிரணுக்களை மொத்தமாகப் பயன்படுத்துவதில்லை. ஒரே ஓர் உயிரணுவைப் பிரித்தெடுத்துப் பெருக்கி, அதன் குரோமோசோம்களையும் டி.என்.ஏ. எழுத்து வரிசையையும் சோதித்து, பிறகே அதன் உட்கருவைப் பன்றியின் கருமுட்டைக்குள் வைக்கிறார்கள். அதனால் பிறக்கும் குட்டியின் உடல் முழுவதும் ஒரே மரபணுத் தொகுப்புதான் இருக்கும். ஓர் உறுப்பில் ஒன்று, மற்றொன்றில் வேறு என்ற கலப்பு நிலை வருவதில்லை. குரோமோசோம் பெரிதாக உருக்குலைந்த உயிரணுவிலிருந்து ஆரோக்கியமான விலங்கு பிறந்து வளர்வதும் அரிது. 2017 ஆய்வில் பிறந்த 37 குட்டிகளில், முடிவு வெளியானபோது 15 உயிரோடு இருந்தன. மற்றவை இறந்ததற்குத் திருத்தம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. குளோனிங்கில் இத்தகைய இழப்பு வழக்கமாகவே உண்டு.

சோதனையின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். வெட்டிய இடத்தின் இருபுறமும் சில நூறு டி.என்.ஏ. எழுத்துகளை மட்டும் நகலெடுத்துப் படிப்பது பழைய வழக்கம். ஆயிரக்கணக்கான எழுத்துகள் மொத்தமாக அழிந்துபோயிருந்தால், நகலெடுக்கத் தொடங்க வேண்டிய இடமே அங்கே இருக்காது. அந்தக் குரோமோசோம் முடிவில் தென்படாது, நல்ல நிலையில் உள்ள அதன் இணை மட்டும் தென்பட்டு 'எல்லாம் சரி' என்ற முடிவு வந்துவிடும். இங்கிலாந்தின் சாங்கர் ஆய்வு நிலையத்தினர் 2018இல் இப்படிப்பட்ட பெரிய அழிவுகளைக் கண்டு வெளியிட்ட பிறகு, நீளமான துண்டுகளாகப் படித்து முழு மரபணுத் தொகுப்பையும் ஆராய வேண்டியது கட்டாயம் என்ற எண்ணம் வலுப்பட்டது. பன்றியின் தொகுப்பில் சுமார் 270 கோடி எழுத்துகள் உள்ளன. அதில் எந்த மாற்றமும் இல்லாத விலங்கு என்று ஒன்று கிடையாது. இயற்கையாகப் பிறக்கும் ஒவ்வொரு மனிதக் குழந்தைக்கும் பெற்றோரிடம் இல்லாத 60, 70 புதிய மாற்றங்கள் இருக்கின்றன. ஆகவே, மாற்றம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் பயனில்லை. புற்றுநோயோடு தொடர்புடைய மரபணுவிலோ, அந்த உறுப்பு வேலை செய்வதற்குத் தேவையான மரபணுவிலோ அது விழுந்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: யுனைடெட் தெரபியூட்டிக்ஸ் நிறுவனத்தின் பன்றியில் 10 திருத்தங்கள் மட்டுமே உள்ளன. 10 பாதுகாப்பானதா, 69 பாதுகாப்பானதா? மனித மரபணுவைப் பன்றிக்குள் வைப்பதால் கெடுதல் வராதா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவண்ணாமலை)

எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது, ஐயா. அந்த 10இல் நான்கு பன்றியின் மரபணுக்களை முடக்குபவை. அவற்றில் மூன்று, நம் உடல் உடனே எதிரியாக அடையாளம் காணும் சர்க்கரை மூலக்கூறுகளை உருவாக்குபவை. நான்காவது, வளர்ச்சி ஹார்மோனின் ஏற்பி (அந்த ஹார்மோனின் செய்தியை உயிரணுவில் வாங்கும் புரதம்); உறுப்பு மனித உடலுக்குள் அளவுமீறிப் பெருக்காமல் இருப்பதற்காக முடக்கப்பட்டது. மீதி ஆறும் சேர்க்கப்பட்ட மனித மரபணுக்கள். இரத்தம் உறைவதையும், அழற்சியையும், எதிர்ப்பு சக்தியின் தாக்குதலையும் தணிப்பது அவற்றின் வேலை. பாஸ்டனில் பயன்படுத்திய பன்றியை உருவாக்கிய இஜெனிசிஸ் நிறுவனத்தின் 69இல் 59ஐக் கழித்தால் மீதி இருப்பதும் மூன்று முடக்கங்களும் ஏழு மனித மரபணுக்களும்தான். ஆகவே இரண்டு நிறுவனங்களும் ஏறத்தாழ ஒரே திட்டத்தையே பின்பற்றுகின்றன. பெர்வை முடக்குவதா அல்லது சி வகை இல்லாத பன்றியைத் தேர்ந்தெடுத்துக் கண்காணிப்பதா என்பதில்தான் வேறுபாடு. இதுவரை எந்த மனிதருக்கும் பெர்வ் தொற்றியதாகச் சான்று இல்லாத நிலையில், இரண்டாவது வழியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே நேரத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு இந்த உறுப்புகளைப் பொருத்தும் காலம் வந்தால், முடக்கப்பட்ட பன்றியே மேல் என்றும் தோன்றுகிறது.

மனித மரபணுக்களைப் பற்றிய உங்கள் கேள்வி பலரும் கவனிக்காத ஒன்று. சேர்க்கப்படும் சி.டி.46 என்ற புரதம், தட்டம்மை வைரஸ் மனித உயிரணுவுக்குள் நுழையப் பயன்படுத்தும் ஏற்பிகளில் ஒன்று. சி.டி.55 வேறு சில வைரஸ்களுக்கு அதே வகையில் உதவுகிறது. உறுப்பைக் காப்பதற்காக வைத்த புரதம், மனித வைரஸ்களுக்குப் பன்றியின் உயிரணுவில் ஒரு வாசலாகவும் அமையலாம் என்று 1990களிலேயே எச்சரித்தார்கள். ஆதலால் இந்தப் பன்றிகளைப் பராமரிப்பவர்களிடமிருந்து பன்றிகளுக்கு நோய் பரவாமல் பார்ப்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே.

கேள்வி: நான் கால்நடை மருத்துவம் படிக்கிறேன். ஒரு பன்றியில் செய்த திருத்தம் அதன் குட்டிகளுக்கும் மாறாமல் வருமா? திருத்தத்தோடு வேறு ஏதாவது சேர்ந்து வந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? (ஒரு மாணவி, நாமக்கல்)

இனப்பெருக்க உயிரணுக்களிலும் திருத்தம் இருப்பதால் குட்டிகளுக்கும் வரும். ஆனால் பத்துத் திருத்தங்கள் பத்துக் குரோமோசோம்களில் சிதறிக் கிடந்தால், இனச்சேர்க்கையில் அவை பிரிந்து போய்விடும். எல்லாம் ஒன்றுசேர்ந்த குட்டி பிறப்பது அரிதாகிவிடும். அதனால்தான் பல மனித மரபணுக்களை ஒரே தொடராகக் கட்டி ஓரிரு இடங்களில் மட்டும் செருகுகிறார்கள். செருகிய மரபணு காலப்போக்கில் ஓய்ந்து, புரதத்தை உருவாக்காமல் போவதும் உண்டு. ஒவ்வொரு தலைமுறையிலும் அதையும் அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

சேர்ந்து வருவதைப் பற்றி: மாட்டில் நடந்த ஒரு நிகழ்வு, பன்றிகளைப் பரிசோதிப்பவர்கள் அனைவரும் மனத்தில் வைத்திருக்க வேண்டியது. அமெரிக்காவில் ரிகாம்பினெடிக்ஸ் என்ற நிறுவனம், டாலன் என்ற முறையில் திருத்தி, கொம்பில்லாத காளைகளை உருவாக்கியது. எதிர்பாராத மாற்றம் எதுவும் இல்லை என்று 2016இல் அறிவித்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வின் விஞ்ஞானிகள், பொதுவெளியில் இருந்த அதே தரவுகளை எடுத்து மறுபடி படித்தார்கள். ஒரு காளையில், திருத்தம் செய்த இடத்திலேயே, மரபணுவைக் கொண்டுசெல்லப் பயன்படுத்திய பாக்டீரியா பிளாஸ்மிட் முழுவதும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் ஆன்டிபயாடிக் மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்களும் இருந்தன. காளையின் கன்றுகளில் சிலவும் அதைப் பெற்றிருந்தன.

அது முதலில் தப்பியது எப்படி என்பதுதான் உங்களைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய இடம். வரிசையைப் படித்தவர்கள், கிடைத்த துண்டுகளை மாட்டின் மரபணுத் தொகுப்போடு ஒப்பிட்டார்கள். மாட்டோடு பொருந்தாத பாக்டீரியாத் துண்டுகள் ஆய்வுக்கு வெளியே போய்விட்டன. தரவுகளில் அவை இருந்தன, தேடியவர்கள் இல்லை. அதனால் இன்று ஒரு பன்றி வரிசையை ஆராய்பவர்கள், பயன்படுத்திய பிளாஸ்மிட்டின் வரிசையையும் சேர்த்து வைத்து ஒப்பிட வேண்டும், பொருந்தாமல் மிஞ்சும் துண்டுகளைத் தனியே எடுத்து ஆராய வேண்டும், பன்றியை உருவாக்கிய நிறுவனத்தைத் தவிர வேறொருவரும் இந்த ஆய்வைச் செய்துபார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கேள்வி: பன்றி இதயம் வைக்கப்பட்ட முதல் நோயாளி இரண்டு மாதத்தில் இறந்துவிட்டார். மரபணு திருத்தம்தானே காரணம்? (ஒரு வாசகர், மதுரை)

திருத்தம் காரணம் என்று காட்டும் சான்று இல்லை. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 2022 ஜனவரி 7 அன்று டேவிட் பென்னெட் என்பவருக்குப் பத்துத் திருத்தங்கள் கொண்ட பன்றியின் இதயம் பொருத்தப்பட்டது. மார்ச் 8 அன்று அவர் இறந்தார். அந்த இதயத்தில் பன்றியின் சைட்டோமெகலோ வைரஸ் இருந்தது பின்னர் தெரிந்தது. இது பெர்வைப் போலக் குரோமோசோமில் இருப்பது அன்று. தாயிடமிருந்து குட்டிக்குத் தொற்றி, பிறகு திசுக்களுக்குள் ஓசையின்றி ஒளிந்திருக்கும் வைரஸ். அறுவைச் சிகிச்சைக்கு முன் பன்றியின் மூக்கிலிருந்து சளியை எடுத்துச் சோதித்தார்கள். வைரஸ் இல்லை என்று வந்தது. ஒளிந்திருக்கும் கட்டத்தில் அது மூக்கில் வெளிப்படுவதில்லை. இருபதாவது நாள் நோயாளியின் இரத்தத்தில் அதன் டி.என்.ஏ. மிகச் சிறிய அளவில் தென்பட்டது. பின்னர் அளவு ஏறிக்கொண்டே போனது.

அவருடைய மரணத்தில் அதன் பங்கு எவ்வளவு என்று அறுதியிட முடியவில்லை. ஏற்கெனவே மிகவும் நலிந்திருந்த நோயாளி, அவருக்குச் செலுத்தப்பட்ட எதிர்ப்புப் புரதங்களும் இதயத்தைத் தாக்கியிருக்கலாம். ஆனால் ஜெர்மானியக் குழுவினர் பபூன் குரங்குகளில் செய்த ஆய்வில், இந்த வைரஸ் உள்ள இதயங்கள் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை, வைரஸ் இல்லாதவை 195 நாள் வரை தாங்கின. இந்தத் தகவல் 2020லேயே வெளியாகியிருந்தது. இதைத் தடுப்பதற்கு மரபணு திருத்தமும் தேவையில்லை. குட்டியைத் தாயிடமிருந்து சீக்கிரமாகப் பிரித்துத் தனியாக வளர்த்து, இரத்தத்தில் எதிர்ப்புப் புரதத்தைச் சோதித்தாலே போதும். மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்த ஒரு விலங்கில், பழைய முறைச் சோதனை ஒன்று கோட்டைவிட்டதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது.

சிறுநீரகங்களிலும் திருத்தம்தான் காரணம் என்று காட்டும் சான்று இல்லை. 2024 மார்ச்சில் பாஸ்டனில் 69 திருத்தங்கள் கொண்ட சிறுநீரகத்தைப் பெற்ற ரிச்சர்ட் ஸ்லேமன் இரண்டு மாதத்தில் இறந்தது இதய நோயால். பன்றிச் சிறுநீரகம் பெற்ற வேறு இருவரில், டோவானா லூனியின் சிறுநீரகம் 130 நாட்களுக்குப் பிறகும், டிம் ஆண்ட்ரூஸின் சிறுநீரகம் 271 நாட்களுக்குப் பிறகும் அகற்றப்பட்டன. முன்னதில் உடல் உறுப்பை நிராகரித்தது, பின்னதில் உறுப்பின் செயல்பாடு குறைந்துகொண்டே வந்தது. பெர்வ் பரவியதாக இவற்றில் எதிலும் செய்தி இல்லை.

கேள்வி: இந்தப் பன்றிகளின் இறைச்சி சந்தைக்கு வந்துவிடாதா? (ஒரு வாசகர், சென்னை)

உறுப்புக்காக வளர்க்கப்படும் பன்றிகள் காற்று வடிகட்டப்படும் மூடிய கட்டடங்களில், ஒவ்வொன்றும் பதிவேட்டில் குறிக்கப்பட்டு வளர்கின்றன. அவை இறைச்சிக்காக அங்கிருந்து வெளியே போவதில்லை. ஒரே ஒரு சர்க்கரை மூலக்கூறு மட்டும் நீக்கப்பட்ட கால்சேஃப் என்ற பன்றிக்கு, உணவாகவும் மருத்துவத்துக்காகவும் பயன்படுத்தலாம் என்று எஃப்.டி.ஏ. 2020 டிசம்பரில் அனுமதி அளித்தது. அந்தச் சர்க்கரைக்கு ஒவ்வாமை உள்ளவர்களை மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்டது அது.

கேள்வி: இந்தியாவில் இது எப்போது வரும்? பொருத்திக்கொண்டவர்கள் பிறகு என்னென்ன கட்டுப்பாடுகளை ஏற்க வேண்டியிருக்கும்? (ஒரு வாசகி, திருச்சி)

இந்தியாவில் ஒருமுறை நடந்தே இருக்கிறது, எந்த ஒழுங்கும் இல்லாமல். 1997இல் அசாமில், குவாஹாட்டியை அடுத்த சோனாப்பூரில், தனிராம் பருவா என்ற மருத்துவர் ஒரு நோயாளிக்குப் பன்றியின் இதயத்தைப் பொருத்தினார். நோயாளி ஒரு வாரத்தில் இறந்தார், மருத்துவர் கைது செய்யப்பட்டார். அந்தப் பன்றியில் எந்த மரபணு திருத்தமும் இல்லை. இப்போது மனிதர்களிடம் முறையான ஆய்வுகள் நடப்பது அமெரிக்காவிலும் சீனாவிலும். அமெரிக்காவில் 2025இல் இரண்டு நிறுவனங்களுக்கும் சிறுநீரக ஆய்வுக்கு அனுமதி கிடைத்தது. அந்த முடிவுகள் வருவதற்குள் இங்கே யாராவது பணம் வாங்கிக்கொண்டு நம்பிக்கை அளித்தால் நம்ப வேண்டாம். டயாலிசிஸில் இருப்பவர்கள் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்புப் பட்டியலில் பதிவு செய்துகொள்வதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கட்டுப்பாடுகள் கடுமையானவை. பொருத்திக்கொண்டவர் ஆயுள் முழுவதும் கண்காணிப்பில் இருக்க வேண்டும். இரத்த தானமோ உறுப்பு தானமோ செய்யக் கூடாது. அவருடைய இரத்த மாதிரிகளும் பன்றியின் மாதிரிகளும் பல பத்தாண்டுகள் உறைநிலையில் பாதுகாக்கப்படும். 20 ஆண்டுகள் கழித்து ஒருவருக்குப் புதிய நோய் தோன்றினால், அது அந்தப் பன்றியிலிருந்து வந்ததா என்று அப்போது இருக்கும் கருவிகளால் பார்க்க முடிய வேண்டும் என்பதே நோக்கம். கூடவே வசிப்பவர்களுக்கும் விளக்கம் அளித்து, தேவைப்பட்டால் அவர்களையும் பரிசோதிப்பார்கள். பெர்வ் என்றாவது தென்பட்டால் கையில் எதுவும் இல்லாமல் நிற்க வேண்டியதில்லை. எச்.ஐ.வி.க்குக் கொடுக்கும் ரால்டெக்ராவிர், ஏ.இசட்.டி. ஆகிய மருந்துகள் ஆய்வகத்தில் பெர்வின் பெருக்கத்தைத் தடுக்கின்றன. ஆனால் அவை மனித உடலுக்குள்ளும் அதே அளவுக்கு வேலை செய்யுமா என்று சோதித்துப் பார்க்கும் தேவை இதுவரை எழவில்லை.